வீட்டுப் பாதுகாப்புக்குக் கைத்துப்பாக்கி: கேலிபரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவில் சட்டப்படி முதல் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம், சில விலக்குகள் தவிர, அனுமதிப்பதில்லை. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு அந்தத் தடை கிடையாது. மாநிலச் சட்டங்கள் வேறு வேறு. கடைக்குப் போகும் முன்பே படித்துவிடுங்கள்.

படி 1: பெட்டியின் மேல் உள்ள பெயரைப் புரிந்துகொள்ளுங்கள்

கேலிபர் என்பது ஏறத்தாழக் குண்டின் விட்டம். .45 என்பது அங்குலக் கணக்கு, 9 எம்எம் என்பது மில்லிமீட்டர் கணக்கு. ஆனால் பெயரை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். .380 ஏசிபி, 9 எம்எம் இரண்டின் குண்டும் 0.355 அங்குலம்தான், ஆனால் 9 எம்எம்மின் உறை (வெடிமருந்து அடங்கிய உலோகக் குழல்) நீளமானது, விசையும் அதிகம். .38 ஸ்பெஷல், .357 மேக்னம் இரண்டுக்கும் 0.357 அங்குலம். மேக்னத்தின் உறை சற்றே நீளமானது என்பதால், .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷலைச் சுடலாம்; .38 ரிவால்வரில் மேக்னத்தைப் போடவே கூடாது. குழாயில் பொறித்திருப்பதும் பெட்டியில் அச்சிட்டிருப்பதும் ஒத்துப்போக வேண்டும்.

படி 2: "பெரிய குண்டுதான் ஆளை நிறுத்தும்" என்ற பேச்சைச் சோதியுங்கள்

கடைக்காரரில் தொடங்கி மைத்துனர் வரை எல்லோரும் இதைச் சொல்வார்கள். இதற்கு வலுவூட்டிய சம்பவம் 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்தது. எஃப்பிஐ சுட்ட ஒரு 9 எம்எம் குண்டு கொள்ளையன் மைக்கேல் பிளாட்டின் கையைத் துளைத்து, நெஞ்சுக்குள் புகுந்து, இதயத்தை எட்டாமல் நின்றது. அவன் தொடர்ந்து சுட்டான். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அதன்பின் எஃப்பிஐ, உடல் தசைக்குப் பதிலாகச் சோதனையில் பயன்படும் ஜெலட்டின் கட்டியில் குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்று அளவுகோல் வகுத்தது. முதலில் 10 எம்எம்முக்கும், பிறகு 1990இல் வந்த .40 எஸ்&டபிள்யூவுக்கும் மாறியது.

பிறகு குண்டுகளின் வடிவமைப்பு முன்னேறியது. 2014இல் எஃப்பிஐயின் பயிற்சிப் பிரிவே 9 எம்எம் போதும் என்று எழுதியது. தரமான குண்டுகளுக்குள் காயத்தில் பெரிய வேறுபாடு இல்லை, 9 எம்எம்மில் பெரும்பாலோர் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்பதே காரணம். என் கருத்தும் அதுதான்: உங்கள் இரண்டாவது குண்டு குறியில் படுகிறதா என்று பாருங்கள்.

படி 3: எண்களை அருகருகே வையுங்கள்

கிளாக் 19, கிளாக் 23 பிஸ்டல்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. 9 எம்எம் சுடும் முதலாவதில் 15 தோட்டா, .40 சுடும் இரண்டாவதில் 13. கலிஃபோர்னியாவைப் போல மேகசினுக்கு (தோட்டா அடுக்கும் பெட்டி) 10 தோட்டா என்று வரம்பு உள்ள இடங்களில் இந்த லாபம் மறைந்துவிடும். .45 ஏசிபியின் 230 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு விநாடிக்குச் சுமார் 850 அடி வேகத்தில் போகிறது. 9 எம்எம்மின் 124 கிரெய்ன் குண்டு சுமார் 1,150 அடி. இரண்டின் ஆற்றலும் ஏறத்தாழச் சமம்.

.380 மென்மையானது என்று நினைத்துச் சட்டைப்பைக்குள் அடங்கும் பிஸ்டலை வாங்காதீர்கள்; துப்பாக்கி எவ்வளவு இலேசோ அவ்வளவு உதைக்கும். .357 மேக்னத்தை அறைக்குள் சுட்டால் சத்தமும் தீப்பிழம்பும் கடுமை. .22 பழகுவதற்கு அருமை, ஆனால் விளிம்பில் பற்றவைக்கும் தோட்டா என்பதால் வெடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம்.

படி 4: வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள்

பல சுடுதளங்களில் துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கும். பயிற்சியாளரை அருகில் வைத்துக்கொண்டு, 7 கஜத் தூரத்தில் ஒவ்வொரு கேலிபரிலும் ஐந்து தோட்டாக்களைத் தளம் அனுமதிக்கும் வேகத்தில் சுடுங்கள். உள்ளங்கை அளவுக்குள் எது அடங்குகிறதோ அது உங்களுடையது. கை பலவீனமானவர்கள் ஸ்லைடை (பிஸ்டலின் மேல் பின்னோக்கி நகரும் பகுதி) இழுக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும், முடியாவிட்டால் ஸ்லைடே இல்லாத .38 ரிவால்வரையும் முயன்று பாருங்கள்.

படி 5: சுவரையும் குழந்தைகளையும் கணக்கில் எடுங்கள்

அமெரிக்க வீடுகளின் உட்சுவர் பெரும்பாலும் ஜிப்சம் பலகை. மேலே சொன்ன எந்தக் குண்டும் அதைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும். உடலில் பட்டதும் விரியும் ஹாலோ பாயிண்ட் வகையை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழு உலோகப் போர்வை கொண்ட மலிவான குண்டு பயிற்சிக்கு. குழந்தைகள் தூங்கும் அறை எந்தப் பக்கம் என்று பார்த்து, எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். துப்பாக்கி விரைவாகத் திறக்கும் பூட்டுப் பெட்டியில் இருக்க வேண்டும். தேர்ந்தெடுத்த ஹாலோ பாயிண்டில் ஒரு பெட்டியாவது சுடுதளத்தில் சுட்டுப் பாருங்கள். தோட்டா துப்பாக்கியில் சிக்கினால் வேறு பிராண்டுக்கு மாறுங்கள்.