டியூரிங் மெஷின் மாட்யூல்: மெட்டுக்கு அப்பாலும் சில வழிகள்

டாம் விட்வெல் தமது மியூசிக் திங் மாடுலர் பெயரில் வடிவமைத்து, சுற்றுப்படத்தையும் எல்லோருக்கும் திறந்து வைத்த டியூரிங் மெஷின், யூரோராக் (சிறு மாட்யூல்களை வயர்களால் இணைத்து இசைக்கும் சிந்தசைசர் அமைப்பு) மாட்யூல்களில் தனித்த போக்குடையது. நாம் விரும்பும் சுரவரிசையை அதில் எழுதி வைக்க முடியாது. அதுவே உண்டாக்கும் வரிசையை எவ்வளவு தூரம் மாறவிடுவது என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்கலாம். பலரும் அதை மெட்டு உண்டாக்கும் கருவியாக மட்டும் பயன்படுத்துகிறார்கள். என் கருத்தில் அதன் சிறப்பான பயன்கள் வேறு இடங்களில் இருக்கின்றன.

முதலில் அதன் உள்வேலையைப் புரிந்துகொள்வது அவசியம். உள்ளே 16 பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் ஒன்று, அதாவது 0 அல்லது 1 என்ற 16 மதிப்புகளை (பிட்களை) வரிசையாக வைத்திருக்கும் சுற்று, இருக்கிறது. வேகத்தை நிர்ணயிக்கும் கிளாக்கின் ஒவ்வொரு துடிப்புக்கும் எல்லா பிட்களும் ஓர் இடம் நகர்கின்றன. கடைசியில் வெளியேறும் பிட் மீண்டும் தொடக்கத்துக்கு வருகிறது. பெரிய குமிழ் வலது கோடியில் இருந்தால் அந்த பிட் அப்படியே திரும்பும், வரிசையும் பூட்டப்பட்டுவிடும். நடுவில் வைத்தால் அது புரளுமா புரளாதா என்பது தற்செயல். இடது கோடியில் ஒவ்வொரு பிட்டும் தவறாமல் தலைகீழாகிறது. இவற்றில் 8 பிட்களே மின்னழுத்தமாக வெளிவருகின்றன.

அதிகம் கவனிக்கப்படாத இடது கோடியிலிருந்தே தொடங்குங்கள். வரிசையின் நீளத்தை, அதாவது எத்தனை படிகளுக்குப் பின் அது திரும்பத் தொடங்கும் என்பதை, 8 என வைத்தால் வரிசை 16 படிகளாக இரட்டிக்கும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் பின்பாதி 8 படிகளும் முன்பாதியின் தலைகீழ்ப் பிம்பம் என்பதுதான் இதில் அழகு. ஒரு வோல்ட்டுக்கு ஓர் ஆக்டேவ் (ஸ்தாயி) என்ற கணக்கில், ஸ்கேல் குமிழால் வீச்சை 2 வோல்ட்டுக்குக் குறைத்திருந்தால், முன்பாதியில் 0.5 வோல்ட்டாக வந்த சுரம் பின்பாதியில் 1.5 வோல்ட்டாக வரும். ஏறிய இடங்களெல்லாம் இறங்கும். மின்னழுத்தத்தை அருகிலுள்ள சுரத்துக்கு இழுக்கும் குவாண்டைசர் ஒன்றை இடையில் சேர்த்தால் பிம்பம் சற்றே பிசகி, தேர்ந்த இசை ஸ்கேலில் உள்ள அருகமைந்த சுரங்களில் விழும். கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் அமையும் மெட்டு இதனால் தானாகவே கிடைக்கிறது.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த வழி: இந்த மாட்யூலையே ஆசிலேட்டராக (ஒலி அலையை உண்டாக்கும் கருவியாக) மாற்றுவது. வேறொரு ஆசிலேட்டரின் சதுர அலையை 3520 ஹெர்ட்ஸில் வைத்து கிளாக் உள்ளீட்டில் செருகுங்கள். குமிழை வலப்புறம் பூட்டி நீளத்தை 8 ஆக்கினால், மின்னழுத்த வெளியீடு நொடிக்கு 440 முறை சுழன்று காதுக்குக் கேட்கும் சுரமாகிவிடும். இப்போது நீளத்தை மாற்றும் குமிழே சுருதிக் குமிழாகிறது: 16 ஓர் ஆக்டேவ் கீழே இறக்கும், 12 வைத்தால் சுமார் 293 ஹெர்ட்ஸ், அதாவது ச-ப இடைவெளி அளவு கீழே, 6 வைத்தால் சுமார் 587 ஹெர்ட்ஸ், ச-ம இடைவெளி அளவு மேலே. பெரிய குமிழை இடது கோடிக்குத் திருப்பினால் சுருதி ஓர் ஆக்டேவ் இறங்குவதோடு, அலையின் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று எதிரானவையாக இருப்பதால் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் (அடிப்படை அதிர்வெண்ணின் 1, 3, 5 போன்ற மடங்குகள்) மட்டுமே எஞ்சி, கிளாரினெட்டைப் போன்ற வெறுமையான நாதம் பிறக்கிறது. பூட்டிலிருந்து மயிரிழை விலக்கினால் நாதத்தின் நிறம் சிதறிச் சிதறி மாறும். நடுவுக்குக் கொண்டுவந்தால் சுருதியே கரைந்து இரைச்சலாகிவிடும். வெளியீடு பூஜ்ஜியத்துக்கு மேலேயே நிற்பதால், மிக்சருக்கு அனுப்புமுன் அந்த நிலையான மின்னழுத்தத்தைத் தடுக்கும் ஒரு ஹைபாஸ் ஃபில்டர் வழியாகச் செலுத்துவது நல்லது.

சாதாரண வேகத்திலும் மின்னழுத்தத்தை, நாதத்தின் நிறத்தை மாற்றும் ஃபில்டருக்கோ ஒலியளவை மாற்றும் வி.சி.ஏ.வுக்கோ அனுப்பிப் பாருங்கள். 8 படி தாளத்தின் மேல் நீளம் 5 உள்ள வரிசையை ஓடவிட்டால், இரண்டும் 40 படிகளுக்கு ஒருமுறைதான் ஒன்றாகத் தொடங்கும். படிகள் கூர்மையாக இருந்தால் மின்னழுத்தம் மாறும் வேகத்தைக் குறைக்கும் ஸ்லூ லிமிட்டர் வழியாக மழுப்பிக்கொள்ளலாம்.

ஓடும் வரிசை வறண்டுபோனால் ரைட் (write) சுவிட்சைக் கொண்டு பிட்களைச் சேர்க்கவோ அழிக்கவோ முடியும். ஆயினும் இழந்த வரிசையை மீட்க எந்த வழியும் இல்லை. மின்சாரத்தை நிறுத்தினாலும் அது அழிந்துவிடும் என்பதால், பரிசோதனையைத் தொடங்கும்போதே ரெக்கார்டரை ஓடவிடுங்கள்.