அசட்டு அழகின் அருமை: பழைய ஜப்பானிய வீரநாயகப் படங்களைப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வானிலிருந்து ஒரு மனிதர் இறங்கி வருகிறார். உடலோடு ஒட்டிய உடை. தலையில் பூச்சியின் உணர்கொம்பு போல நீண்டிருக்கும் ஒன்று. துப்பாக்கிக் குண்டுகள் அவர் மார்பில் பட்டுக் கீழே விழுகின்றன; முகத்தில் சலனமே இல்லை. அடியாட்களை ஒருவர் பின் ஒருவராகத் தூக்கி எறிகிறார், அவர்களும் தங்கள் முறை வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். ஜப்பானின் ஷின்டோஹோ நிறுவனம் 1957 முதல் 1959 வரை எடுத்த ‘சூப்பர் ஜயன்ட்’ வரிசையின் ஒன்பது படங்களில் எதை எடுத்துப் பார்த்தாலும் இத்தகைய ஒரு காட்சி வந்துவிடும். சிரிப்பு வருவது இயல்பு. ஆனால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டால், இந்தப் படங்கள் தரக்கூடிய இன்பத்தில் பெரும்பகுதி நம் கைக்கு வராமலே போய்விடுகிறது.

ஆங்கிலத்தில் இந்த இன்பத்தைக் ‘கேம்ப்’ என்கிறார்கள். ஆசை பெரிதாகவும் வசதி சிறிதாகவும் இருக்க, அந்த இடைவெளியைப் பற்றிய கவலையே இல்லாமல் ஒருவர் முழு மனத்தோடு ஒன்றைச் செய்துகாட்டும்போது பிறக்கும் கவர்ச்சி அது. தமிழில் இதை அசட்டு அழகு என்று சொல்லத் தோன்றுகிறது. வீட்டுப் பிள்ளையை ‘அசடு’ என்று அழைக்கும்போது அந்தச் சொல்லில் கேலியை விட வாஞ்சைதானே கூடுதலாக இருக்கிறது? அந்த வாஞ்சையைத் தொலைத்துவிட்டுக் கேலியை மட்டும் வைத்துக்கொள்வதில்தான் மற்றத் தவறுகளெல்லாம் தொடங்குகின்றன.

முதல் தவறும் பெரிய தவறும், அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக வெட்டி ஒட்டப்பட்ட ஆங்கில வடிவத்தைப் பார்த்துவிட்டு மூலப் படத்தின் மீது தீர்ப்புச் சொல்வது. சூப்பர் ஜயன்ட் படங்கள் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுபவை. முதல் ஆறும் இரண்டு இரண்டு பாகங்களாக அமைந்த மூன்று கதைகள்; கடைசி மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தனித்தனிக் கதைகள். 1960-களின் நடுவில் அமெரிக்காவில் இவற்றை வாங்கியவர்கள், ஒன்பது படங்களையும் நான்காகச் சுருக்கினார்கள். நாயகனுக்கு ‘ஸ்டார்மேன்’ என்று புதுப் பெயர் வைத்தார்கள். மூல இசையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, எங்கோ பதிவாகிக் கிடந்த பொதுப் பின்னணி இசையைச் சேர்த்தார்கள். இரண்டு பாகங்களை ஒன்றாக்கிய மூன்று படங்களிலாவது கதை ஓரளவு தப்பிப் பிழைத்தது. நான்காவது படமான ‘ஈவில் ப்ரெய்ன் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ மூன்று தனிக் கதைகளை ஒரே கதையென்று சொல்லிக்கொண்டு சுமார் 80 நிமிடத்துக்குள் ஓடுகிறது. ஒரு வில்லன் முழுக் கோபத்தோடு வந்து நிற்கிறான், சிறிது நேரத்தில் காணாமல் போகிறான். அவனுடைய இடத்தில் வேறொருவன் வேறொரு மறைவிடத்தில் வேறொரு திட்டத்தோடு அமர்ந்திருக்கிறான். இவர்கள் எல்லாரையும் ஒரே தலைமையின் ஆட்கள் என்று ஒரு குரல் விளக்கிக்கொண்டே போகிறது. இதைப் பார்த்துவிட்டு ‘ஜப்பானியர்களுக்குக் கதை சொல்லவே தெரியவில்லை’ என்று எழுதியவர்கள் பலர். நானும் முதலில் இந்த வடிவத்தைத்தான் பார்த்தேன்; பின்னர் துணைத் தலைப்புகளோடு மூலப் படங்களைப் பார்த்தபோது, குழப்பத்தில் பாதிக்கு மேல் படத்தொகுப்பு மேசையில் பிறந்தது என்பது தெளிவாகத் தெரிந்தது. டோயெய் நிறுவனம் 1959-இல் எடுத்த ‘ப்ரின்ஸ் ஆஃப் ஸ்பேஸ்’ படத்துக்கும் இதே கதிதான். ஒரு வார இடைவெளியில் வெளிவந்த இரண்டு படங்களை ஒட்டி ஆங்கிலத்தில் ஒன்றாக்கியிருக்கிறார்கள். பகைவனின் ஆயுதம் தன்னை ஒன்றும் செய்யாது என்பதை நாயகன் திரும்பத் திரும்ப அறிவிப்பது, ஒரே மூச்சில் பார்க்கும் நமக்குத்தான் அவ்வளவு அலுப்பாகத் தோன்றுகிறது.

டோயெய் எடுத்த மற்றொரு படத்தில் காட்சிச் சட்டகமே பலியாகிவிட்டது. ‘இன்வேஷன் ஆஃப் த நெப்டியூன் மென்’ என்ற பெயரில் மேலை நாடுகளுக்குப் போன 1961-ஆம் ஆண்டுப் படம் அகலத்திரைக்காக எடுக்கப்பட்டது. தொலைக்காட்சியின் சதுரமான திரைக்காக இருபுறமும் வெட்டப்பட்டபோது, ஒருவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பதுகூடத் தெரியாத காட்சிகள் உருவாயின. மங்கலான பிரதியைப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவாளரைக் குறை சொல்வது நியாயமாகாது.

பணமில்லை என்பதைத் திறமையில்லை என்று படிப்பது இதற்கு அடுத்த தவறு. சூப்பர் ஜயன்ட் வரிசையின் முதல் ஆறு படங்களை இயக்கிய டெரூவோ இஷீ, மிகியோ நருசே என்னும் மாபெரும் கலைஞரிடம் உதவி இயக்குநராக இருந்தவர். பிற்காலத்தில், 1965-இல் தொடங்கிய ‘அபாஷிரி சிறைச்சாலை’ வரிசையால் ஜப்பானின் வெற்றி இயக்குநர்களில் ஒருவரானவர். இந்த வரிசைக்கு இசையமைத்த மிச்சியாகி வதனபேதான் 1970-களில் ‘மசிங்கர் இசட்’ தொடருக்கு இசையமைத்து ஒரு தலைமுறையையே பாட வைத்தவர். திறமை இருந்தது, காசும் நேரமும்தான் இல்லை. முதல் படம் 1957 ஜூலை 30 அன்று வெளியானது, இரண்டாவது இரண்டே வாரங்களில் வெளியானது. ஷின்டோஹோவே 1961-இல் திவாலாகிவிட்ட நிறுவனம்.

கருவிகளின் நிலை இதைவிடக் கடினமாக இருந்த இடமும் உண்டு. 1958-இல் ஒளிபரப்பாகத் தொடங்கி, பின்னர் டோயெய் நிறுவனத்தின் ஆறு திரைப்படங்களாகவும் வளர்ந்த ‘நிலவொளி முகமூடி’ தொலைக்காட்சித் தொடரை எடுத்து முடித்த கேமரா, சாவி கொடுத்தால் ஓடும் 16 மி.மீ. கேமரா. ஒரு முறை முறுக்கினால் அரை நிமிடம்கூட ஓடாது. ஆகவே எந்த ஷாட்டும் அதற்குள் முடிந்தாக வேண்டும். குரலைப் பிறகுதான் சேர்க்க வேண்டும். வெள்ளைத் தலைப்பாகையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து மோட்டார் சைக்கிளில் வரும் அந்த நாயகனின் சண்டைக் காட்சிகள் துண்டுதுண்டாகப் பறப்பதற்கு இதுவே காரணம். கட்டாயத்தால் பிறந்த அந்த வேகம், பின்னால் வந்த ஜப்பானிய நாயகத் தொடர்களில் ஒரு பாணியாகவே நிலைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

ரப்பர் உடை கண்ணில் பட்டால் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். 1954-இல் டோஹோ எடுத்த ‘காட்ஜில்லா’ அந்நிறுவனம் பெரும் செலவில் எடுத்த படம். அதன் தந்திரக் காட்சிகளை அமைத்த எய்ஜி சுபுராயா, அக்காலத்து ஜப்பானிய நாயகப் படங்கள் எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் அல்லர். 1966-இல் அவருடைய நிறுவனம் படைத்த ‘அல்ட்ராமேன்’ வேறொரு தலைமுறையைச் சேர்ந்தது. பலரும் ஜப்பானியப் படம் என்றே எண்ணிக்கொண்டிருக்கும் ‘இன்ஃப்ரா-மேன்’, 1975-இல் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் எடுத்தது.

இவை எல்லாம் சூப்பர்மேனின் நகல்கள் என்று சொல்லி முடித்துவிடுவோரும் உண்டு. சூப்பர் ஜயன்ட் வரையில் அதில் உண்மை இருக்கிறது, பெயரே காட்டிக்கொடுக்கிறது. ஆனால் ஜப்பானில் இந்த மரபுக்கு வேறொரு வேரும் இருந்தது. சைக்கிளில் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வந்து, மிட்டாய் விற்று, படம் வரைந்த அட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொல்லும் ‘கமிஷிபாய்’ கலைஞர்களிடமிருந்து, 1930-களின் தொடக்கத்திலேயே, மண்டையோட்டு முகமும் மேலங்கியும் கொண்ட ‘தங்க வௌவால்’ பறந்து வந்துவிட்டது. சூப்பர்மேன் பிறந்தது 1938-இல். மிட்டாயைச் சுவைத்துக்கொண்டே அடுத்த அட்டைக்காகக் காத்திருந்த பிள்ளைகள் வளர்ந்த நாட்டில்தான் இந்தப் படங்கள் எடுக்கப்பட்டன என்பதை நினைவில் வைத்தால், ஆபத்தின் உச்சத்தில் ஒரு பாகம் முடிவதும், வில்லன் தன் திட்டத்தைத் தானே உரக்கச் சொல்வதும் வேறு மாதிரித் தெரியும். அட்டைக்கதை சொல்லியும் அப்படித்தான் செய்தார்.

இங்கேதான் பெரியவர்கள் செய்யும் இன்னொரு பிழையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இவை எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளுக்காக எடுக்கப்பட்டவை. அரைக்கால் சட்டைச் சிறுவர்கள் விஞ்ஞானிகளின் கூட்டத்துக்குள் தடையில்லாமல் நுழைவதையும், காவல் துறையினர் அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்வதையும் தர்க்கப் பிழை என்று எடுத்துக்காட்டுகிறவர்கள், அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்பதை மறந்துவிடுகிறார்கள். சூப்பர் ஜயன்ட் படத்தில் நாயகனுக்குத் துணை நிற்பவர்கள் அனாதை இல்லத்துப் பிள்ளைகள். ப்ரின்ஸ் ஆஃப் ஸ்பேஸ் நாயகன் மாறுவேடத்தில் செய்யும் தொழில், தெருவோரத்தில் காலணிக்கு மெருகேற்றுவது. போருக்குப் பிந்தைய டோக்கியோவின் ரயில் நிலைய வாசல்களில், பெற்றோரை இழந்த சிறுவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த வேலை அது. அந்தத் தொழிலில் இருப்பவர்தான் உலகைக் காப்பவர் என்று ஒரு படம் சொன்னபோது அதைப் பார்த்த பிள்ளைக்கு என்ன தோன்றியிருக்கும் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு அடங்கிவிடுகிறது. படம் முடிந்து வீடு திரும்பிய பிள்ளைகள், சாமான் முடியும் ‘ஃபுரோஷிகி’ துணியை எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு நிலவொளி முகமூடியாக ஓடினார்கள். அந்த நாயகனைப் படைத்த கோஹான் கவாவுச்சி அவனுக்கு வைத்த கொள்கை, ‘வெறுக்காதே, கொல்லாதே, மன்னிப்போம்’ என்பது.

அணுவை மறந்துவிட்டு இந்தப் படங்களைப் பார்ப்பது மற்றொரு பெரிய இழப்பு. சூப்பர் ஜயன்ட்டின் கதையைக் கேளுங்கள். பூமியில் வெடிக்கும் அணுகுண்டுகளின் நஞ்சு விண்வெளிக்குப் பரவுவதைக் கண்டு அஞ்சும் மரகதக் கோளின் சபை, எஃகு உடல் கொண்ட தன் வீரனை அனுப்பிவைக்கிறது. ஒரு கற்பனை நாட்டின் கையாட்கள் ஜப்பானுக்குள் கடத்திவரும் அணுகுண்டைக் கண்டுபிடிப்பதே அவனுக்கு முதல் பணி. அவன் மணிக்கட்டில் கைக்கடிகாரம் போல ஒரு கருவி கட்டப்பட்டிருக்கிறது. அது அவனுக்குத் தரும் ஆற்றல்கள் மூன்று: விண்ணில் பறக்கலாம், எந்த மொழியையும் பேசலாம், கதிர்வீச்சு எங்கே இருக்கிறது என்று கண்டறியலாம். முதல் இரண்டும் எந்த நாட்டு நாயகனுக்கும் கிடைக்கக்கூடியவை. மூன்றாவதை 1957-இன் ஜப்பான்தான் கேட்டுப் பெற்றிருக்க முடியும். அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 1954 மார்ச் 1 அன்று, பிகினி பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், டைகோ ஃபுகுரியு மாரு என்ற மீன்பிடிக் கப்பலில் இருந்த 23 பேர் மீது பொழிந்தது. அவர்களில் வானொலிப் பணியாளராக இருந்தவர் செப்டம்பரில் உயிரிழந்தார். மீன் சந்தைகளில் சூரை மீன்களை வரிசையாகக் கிடத்தி, கதிர்வீச்சுமானியை ஒவ்வொன்றின் மேலாகவும் பிடித்துப் பார்த்து, நஞ்சேறியவற்றை ஒதுக்கிப் புதைத்தார்கள். வீட்டில் வாங்கும் மீனைப் பற்றி அம்மா அஞ்சியதைக் கண்ட பிள்ளைக்கு, கண்ணுக்குத் தெரியாத நஞ்சைக் காட்டிக்கொடுக்கும் ஒரு கைக்கடிகாரம் எவ்வளவு பெரிய வரம்! வரிசையின் ஐந்தாம், ஆறாம் படங்கள் செயற்கைக்கோளைப் பற்றியவை. சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது 1957 அக்டோபர் 4-இல், ஐந்தாம் படம் திரைக்கு வந்தது அதே டிசம்பர் 28-இல். செய்தித்தாளின் மை காய்வதற்குள் எடுக்கப்பட்ட படத்தின் விண்கலம் அட்டை போலத் தெரிந்தால் அதில் வியப்பில்லை.

இதைச் சொன்னவுடன் எதிர்ப்பக்கத் தவறு வந்து நிற்கும். எல்லாவற்றையும் ஹிரோஷிமாவின் உருவகமாக்கி, சிரிப்பதே பாவம் என்று ஆக்கிவிடுவோர் இருக்கிறார்கள். பல்லி முகமும் நீண்ட நகமுமாக வரும் பகைவர்கள் துள்ளித் துள்ளிக் குட்டிக்கரணம் அடிக்கும்போது சிரிக்காமல் இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இஷீயும் பிள்ளைகள் கூச்சலிட்டு மகிழ வேண்டும் என்றுதான் அவர்களைக் குதிக்கவிட்டார். ப்ரின்ஸ் ஆஃப் ஸ்பேஸ் படத்தில் கோழி அலகு போன்ற மூக்கோடு வில்லன் நெஞ்சை நிமிர்த்திச் சிரிக்கும் இடத்தில் நாமும் சேர்ந்து சிரிக்கலாம். நெப்டியூன் படத்தின் இறுதிப் போரில் தகரும் கட்டடங்கள், டோயெய் அதற்கு முந்தைய ஆண்டு எடுத்த மூன்றாம் உலகப் போர்ப் படத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்டவை. ஒட்டு தெரியத்தான் செய்கிறது, அந்தப் போரும் நீளமாகத்தான் இழுக்கிறது. அதை மறைத்துப் புகழ வேண்டியதில்லை. அந்தப் படத்தில் முகமூடிக்குள் இருப்பவர் பின்னாளில் உலகறிந்த சண்டை நடிகரான சானி சிபா. இருபத்திரண்டு வயது இளைஞராக, தோற்றமே பொருந்தாத ஒரு தலைக்கவசத்தை அணிந்துகொண்டு, ஒரு நொடிகூடத் தளராமல் நடிக்கிறார்.

கடைசியாக, நடைமுறைக்கான ஒன்று. இந்த இரண்டு டோயெய் படங்களையும் 1997-இல் அமெரிக்காவின் ‘மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000’ நிகழ்ச்சி, படம் ஓடும்போதே கேலி பேசும் தன் பாணியில் ஒளிபரப்பியது. பலருக்கு அதுவே முதல் அறிமுகம். அது நல்ல வேடிக்கைதான். ஆனால் அதை முதலில் பார்த்துவிட்டால், பிறகு தனியாகப் பார்க்கும்போதும் அடுத்தவர் நகைச்சுவையே காதில் கேட்டுக்கொண்டிருக்கும். ஆகவே முதலில் சூப்பர் ஜயன்ட் வரிசையின் முதல் இரண்டு படங்களை, ஜப்பானிய ஒலியோடு, துணைத் தலைப்புகளோடு பாருங்கள். வீட்டில் எட்டு வயதுப் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாகம் முடிந்ததும் நிறுத்திவிட்டு, அடுத்ததை அடுத்த வாரம் போடுங்கள். அந்தப் படங்கள் அப்படிக் காத்திருந்து பார்ப்பதற்காகவே எடுக்கப்பட்டவை. ‘ஈவில் ப்ரெய்ன்’ எல்லாவற்றுக்கும் கடைசியில் இருக்கட்டும். மூன்று மூலக் கதைகளையும் அறிந்த பிறகு, எந்தக் காட்சி எதிலிருந்து வெட்டப்பட்டது என்று அடையாளம் காண்பதே தனி விளையாட்டாகிவிடும்.