கஸ்டம்ஸ் வேலை ஒத்துவருமா? முடிவெடுக்கும்போது பலர் செய்யும் தவறுகள்

கஸ்டம்ஸ் என்றதும் நம் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது விமான நிலையம். வெள்ளைச் சீருடை, பச்சை வழியில் நழுவப் பார்க்கும் பயணி, அயர்ன் பாக்ஸுக்குள் தங்கம். இதெல்லாம் நடக்கிறதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த ஒரு காட்சியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வில் (பட்டதாரிகளை மத்திய அரசு வேலைக்கு எடுக்கும் தேர்வு) எந்தப் பதவி வேண்டும் என்று விருப்ப வரிசை போடுகிறவர்கள்தான், வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே "வேறு ஏதாவது தேர்வு எழுதலாமா?" என்று கேட்க ஆரம்பிக்கிறார்கள்.

விமான நிலையத்திலேயே நாம் பார்க்கும் அதிகாரிகளில் பலர் சுங்கத்துறையே இல்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துபவர் குடியேற்றப் பிரிவு, உள்துறை அமைச்சகத்தைச் சேர்ந்தவர். உள்ளே போகும்போது உடலைத் தடவிச் சோதிப்பவர் சிஐஎஸ்எஃப், அதாவது மத்திய தொழில் பாதுகாப்புப் படை. பெல்ட்டில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும் அந்தக் கடைசிப் பகுதியில்தான் சுங்கம் வருகிறது. அந்தப் பணியும் ஷிப்ட் முறையில்தான். வளைகுடா விமானங்கள் நம் தூக்கத்தைப் பார்த்து இறங்குவதில்லை.

துறையின் பெரும்பகுதி சரக்கைச் சுற்றி ஓடுகிறது. சென்னையில் என்றால் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ், துறைமுகம், எண்ணூர், காட்டுப்பள்ளி, மணலிப் பக்கம் இருக்கும் கண்டெய்னர் கிடங்குகள். 2011லிருந்து இறக்குமதியாளரே தன் வரியைக் கணக்கிட்டு பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி ஆவணத்தைப் போடுகிறார். எதை அதிகாரி பார்க்க வேண்டும், எது அப்படியே போகலாம் என்று பிரிப்பது கணினி. 2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூரிலும் முகமற்ற மதிப்பீடு தொடங்கி, அந்த அக்டோபர் முடிவதற்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. அதாவது மும்பையில் இறங்கும் சரக்கின் ஆவணத்தைச் சென்னையில் உட்கார்ந்திருப்பவர் பார்க்கலாம். சரக்கையும் பார்க்கமாட்டார், ஆளையும் பார்க்கமாட்டார். திரையில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், இது என்ன பொருள் என்று வரி அட்டவணையில் வகைப்படுத்தும் ஒரு எட்டு இலக்க எண். அவ்வளவுதான்.

அந்த எட்டு இலக்கம் சலிப்பூட்டுமா, சுவாரசியமாக இருக்குமா என்பதில்தான் இந்த வேலை உங்களுக்கா இல்லையா என்பதே இருக்கிறது. தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன பாட்டிலில் அடைத்து விற்றால் அது சமையல் எண்ணெயா, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயா? அந்த எண்ணின் முதல் நான்கு இலக்கத்தைத் தலைப்பு என்பார்கள்; முன்னது 1513ஆம் தலைப்பு, பின்னது 3305, வரியும் வேறு. சேலம் மத்திய கலால் ஆணையர் தொடுத்த வழக்கு ஒன்று இதே கேள்வியோடு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018ல் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு பக்கம் தீர்ப்பு சொன்னார்கள். கடைசியில் 2024 டிசம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, பாட்டில் சின்னது என்பதற்காக மட்டும் அதைத் தலை எண்ணெய் ஆக்கிவிட முடியாது, லேபிளும் அப்படிச் சொல்ல வேண்டும் என்று முடித்தது. அது கலால் (உள்நாட்டு உற்பத்தி வரி) வழக்கு, ஆனால் சுங்க வரி அட்டவணையும் இதே எண் முறையில்தான் இருக்கிறது. இதைப் படிக்கும்போது "அட, அப்போ பாதாம் எண்ணெய்?" என்று உங்களுக்குத் தோன்றினால் நல்ல அறிகுறி. "எண்ணெய்க்கு இவ்வளவு சண்டையா?" என்று தோன்றினால் கொஞ்சம் யோசியுங்கள். தேர்வு முடிந்தால் படிப்பு முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இந்தத் துறை பெரிய ஏமாற்றம். துறைத் தேர்வு வேறு இருக்கிறது, வரி பற்றிய அரசு அறிவிக்கைகள் வருடம் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு தவறு, எல்லாப் பதவியையும் "கஸ்டம்ஸ் இன்ஸ்பெக்டர்" என்ற ஒரே மூட்டையில் கட்டுவது. சீருடை, ரோந்து, விமான நிலையம் எல்லாம் பிரிவென்டிவ் ஆபீசர் பக்கம். எக்ஸாமினர் சரக்கைத் திறந்து பார்ப்பவர், அடுத்து அப்ரைசர் ஆகி மதிப்பீட்டுக்குப் போவார். ஜிஎஸ்டி இன்ஸ்பெக்டரும் சுங்கத்தை நடத்தும் அதே மத்திய மறைமுக வரிகள், சுங்க வாரியத்தின் கீழ்தான், ஆனால் வேலை உள்நாட்டு வரி. இவை மூன்றுக்கும் ஏழாவது ஊதியக் குழுவின் 7ஆம் நிலை, அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் தொடங்குகிறது. டாக்ஸ் அசிஸ்டன்ட் 4ஆம் நிலை, 25,500. யுபிஎஸ்சி வழியாக வரும் ஐஆர்எஸ் அதிகாரியின் வாழ்க்கை முற்றிலும் வேறு. உங்களுக்கு வெயிலில் கண்டெய்னர் முன் நிற்பது பிடிக்குமா, மேசை பிடிக்குமா என்று தெரியாமல் வரிசை போடாதீர்கள்.

கடத்தல் பொருளைப் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. 2015ல் சென்னைச் சுங்கத்துறை கைப்பற்றிய அம்மோனியம் நைட்ரேட் மணலியில் ஒரு கிடங்கில் 37 கண்டெய்னர்களில் கிடந்தது, கிட்டத்தட்ட 700 டன். 2020 ஆகஸ்டில் லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் இதே ரசாயனம் வெடித்த பிறகுதான் ஊரே அதைப் பற்றிப் பேசியது, அப்புறம் ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். கைப்பற்றியது ஒரு நாள் வேலை. காத்தது ஐந்து வருடம். சாதாரண வழக்கிலும் இதே கதைதான். சாட்சிகள் முன்னிலையில் மகஜர் (என்ன, எங்கே, எப்படிக் கைப்பற்றினோம் என்ற பதிவு) எழுத வேண்டும், சுங்கச் சட்டத்தின் 108ஆம் பிரிவில் சம்மன் அனுப்பி வாக்குமூலம் வாங்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் போகாமல், கால நீட்டிப்பும் வாங்காமல் விட்டால், எடுத்த பொருளை யாரிடமிருந்து எடுத்தோமோ அவரிடமே திருப்பித் தரவேண்டும். மகஜரில் நேரத்தைத் தப்பாகப் போட்டிருந்தால், வருடங்கள் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். எழுதுவதற்குச் சோம்பல் படுபவருக்கு இது நரகம்.

அடுத்தது, வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். மாப்பிள்ளை கஸ்டம்ஸில் இருக்கிறார் என்றால் பெண் வீட்டில் சிலர் சம்பளத்தைக் கேட்பதே இல்லை. ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அந்தச் சிரிப்பை நம்பி இந்த வேலையைத் தேர்ந்தெடுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் வாங்கினால் குறைந்தது மூன்று வருடம், ஏழு வருடம் வரை சிறை. 2019 ஜூனில் இதே வாரியத்தின் 15 மூத்த அதிகாரிகளை ஒரே நாளில் கட்டாய ஓய்வில் அனுப்பினார்கள், கமிஷனர் அளவில் இருந்தவர்களும் அதில் உண்டு. நேர்மையாக இருப்பவருக்கும் கணக்கு காட்டும் கடமை இருக்கிறது. இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் வண்டியோ நகையோ வாங்கினால் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு கடை போட்டு நடத்தலாம் என்பதெல்லாம் நடக்காது.

லஞ்சத்தைவிட அடிக்கடி வருவது சிபாரிசு. "தம்பி, நம்ம மச்சினன் பையன் நாளைக்கு துபாய்லேர்ந்து வர்றான், கொஞ்சம் பார்த்துக்கப்பா" என்று ஒரு பெரியப்பா போன் செய்வார். பையனிடம் இருப்பது ஒரு செயினாக இருக்கலாம், வேறெதுவாகவும் இருக்கலாம். உறவு முறிந்தாலும் பரவாயில்லை என்று "சட்டப்படி டிக்ளேர் பண்ணச் சொல்லுங்க பெரியப்பா" என்று சொல்ல உங்களால் முடியுமா? முகத்தாட்சண்யம் அதிகம் உள்ளவர்களுக்குப் பரீட்சையைவிட இதுதான் கஷ்டம். அதேபோல, கல்யாணத்துக்கு நகை கொண்டுவந்து வரம்பு தெரியாமல் மாட்டிக்கொண்டு கண்கலங்கி நிற்கும் குடும்பத்திடம் வரியும் வசூலிக்க வேண்டும், மரியாதையாகவும் பேச வேண்டும்.

ஊர்ப் பக்கமே வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தூத்துக்குடியோ திருச்சியோ மனதில் இருக்கும், ஒதுக்கீடு குஜராத்தாகவும் இருக்கலாம், கொல்கத்தாவாகவும் இருக்கலாம். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்பது எளிதல்ல. இன்ஸ்பெக்டர்கள் ஒரு மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்கு நிரந்தரமாக மாறுவதை 2018ல் வாரியம் நிறுத்தியது. 2022ல் உச்ச நீதிமன்றமும் அதை ரத்து செய்யவில்லை, கணவன் மனைவி ஒரே ஊரில் இருப்பது போன்றவற்றைக் கருதிக் கொள்கையை மறுபடி பாருங்கள் என்று மட்டும் சொன்னது. விருப்பம் கொடுக்கும் நேரத்தில் என்ன விதி நடப்பில் இருக்கிறது என்று கட்டாயம் பார்த்துவிடுங்கள்.

உடல் தகுதியைக் கடைசியில் பார்ப்பவர்களும் உண்டு. இன்ஸ்பெக்டர் பதவிகளுக்கு ஆண்களுக்கு உயரம் 157.5 செ.மீ., 15 நிமிடத்தில் 1600 மீட்டர் நடை, 30 நிமிடத்தில் 8 கிலோமீட்டர் சைக்கிள். பெண்களுக்கு 152 செ.மீ., எடை 48 கிலோ, 20 நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் நடை, 25 நிமிடத்தில் 3 கிலோமீட்டர் சைக்கிள். சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு. அளவுநாடாவை இன்றைக்கே எடுத்துவிடலாம்.

முடிவெடுப்பதற்கு முன் யூடியூப் பேட்டிகளைப் பார்ப்பதைவிட, வரி அட்டவணையில் ஒரு அத்தியாயத்தை அதன் குறிப்புகளோடு படித்துப் பாருங்கள். சுங்கத் தீர்ப்பாயத்தின் தீர்ப்பு ஒன்றை முழுதாக வாசியுங்கள். முடிந்தால், இறக்குமதியாளர்களுக்காகச் சுங்க ஆவணங்களைக் கவனிக்கும் கஸ்டம்ஸ் தரகர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். அதிகாரிகளை எதிர்ப் பக்கத்திலிருந்து தினமும் பார்ப்பவர் அவர்தான், பூசி மெழுகாமல் சொல்வார். விஷயம் பிடிக்கிறது, அரசு வேலைதான் ஒத்துவராது என்று தெரிந்தால் அந்தத் தரகர் தொழிலும் இருக்கிறது. ஒரு நிறுவனத்தில் சேர்ந்து பழகிவிட்டு, அப்புறம் உரிமத்துக்கான தேர்வை எழுதலாம். அங்கே உயரமும் கேட்கமாட்டார்கள், கொல்கத்தாவுக்கும் அனுப்பமாட்டார்கள்.