அற்றுப்போனது என்று எழுதும் முன்: அமிர்திப் பக்கம் நத்தை தேடும் முறை

சீஷெல்ஸ் நாட்டின் அல்டாப்ராத் தீவுகளில் மட்டுமே வாழும் வரி நத்தையை 1997க்குப் பிறகு யாரும் உயிரோடு பார்க்கவில்லை. 2007இல் அற்றுப்போனது என்று அறிவித்தார்கள். 2014 ஆகஸ்டில், அங்குள்ள மலபார் தீவின் அடர்புதருக்குள் அது உயிரோடு கிடைத்தது. கண்ணில் படாததும் இல்லாததும் ஒன்றல்ல. வேலூர் பக்கம் அமிர்தி இருக்கும் ஜவ்வாது மலையடிவாரத்தில் தேடுவோருக்கும் இதுதான் முதல் பாடம்.

காப்புக்காட்டில் நுழைய வனத்துறையின் எழுத்துமூல அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த அன்று இரவு 7 முதல் 10 மணி வரை தேடுங்கள். சித்திரையில் நத்தை சளிப்படலத்தால் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு கல்லிடுக்கிலும் மரப்பொந்திலும் ஒட்டிக் கிடக்கும். கோடைத் தேடலை மட்டும் நம்பி எந்த இனத்தையும் 'இல்லை' என்று எழுதாதீர்கள்.

10க்கு 10 மீட்டர் கட்டம், இரண்டு பேர், ஒரு மணி நேரம். ஓடு வளரச் சுண்ணாம்பு வேண்டும். இங்குள்ள கருங்கல் மலை மண்ணில் அது குறைவு. ஆகவே பாழடைந்த சுண்ணாம்புக் காரைச் சுவர்களின் அடியைத் தனிக் கட்டமாகப் பாருங்கள். கல்லைப் புரட்டும்போது எதிர்விளிம்பைக் கோலால் தூக்கி உங்கள் பக்கம் சாய்க்கவும். அடியில் சுருட்டை விரியன் இருந்தால் கல் குறுக்கே நிற்கும். பார்த்ததும் கல்லை இருந்தபடியே வையுங்கள். ஈரம் போனால் அடியில் உள்ளவை செத்துவிடும்.

பிறகு 5 லிட்டர் சருகும் மேல்மண்ணும் துணிப்பையில் எடுக்கவும். உயிருள்ளவற்றைப் பொறுக்கி அங்கேயே விட்டுவிட்டு, மீதியை நிழலில் மூன்று நாள் உலர்த்தி 5, 2, 0.5 மில்லிமீட்டர் சல்லடைகளில் வரிசையாகச் சலிக்கவும். ஈரத்தோடு சலித்தால் மண் உருண்டு, அரிசியைவிடச் சின்ன நத்தைகள் அதற்குள் மறைந்துபோகும்.

நிறமும் பளபளப்பும் உள்ள வெற்று ஓடு அண்மையில் செத்தது. வெளுத்து உதிர்வது பழையது. அதை 'வாழ்கிறது' கணக்கில் சேர்க்காதீர்கள். ஓடையோரத்து ஓடு வெள்ளத்தில் மேலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

அளவுகோல் வைத்து வாய், உச்சி, அடி என மூன்று படம் எடுக்கவும். உச்சியை மேலே நிறுத்தி, வாய் வலப்பக்கமா இடப்பக்கமா என்று குறிக்கவும். 'வலம்புரி' என்று மட்டும் எழுதினால் குழப்பம்தான். நாம் வலம்புரிச் சங்கு என்பதை விலங்கியலார் இடச்சுருள் என்பார்கள்.

நத்தையில் மனிதருக்கும் நோய் தரும் எலி நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். கையுறை போட்டு, பிறகு சோப்பால் கழுவவும்.

ஒன்றும் கிடைக்காத கட்டத்துக்கும் முழுக் குறிப்பு வேண்டும்: தேதி, இடக்குறி, மழை பெய்து எத்தனை நாள், எத்தனை பேர், எத்தனை நிமிடம், பூஜ்யம்.