டெக்ஸ்சரில் நிழல் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கட்டடங்களின் முப்பரிமாணக் காட்சி, மண்டப அலங்கார வடிவமைப்பு, சுவர்ப்பட அச்சு போன்ற வேலைகளுக்குப் புதிதாக வருகிறவர்களின் கோப்புகளைத் திறந்து சரிபார்ப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று. தொழில் கற்ற காலத்தில் நாங்கள் இடறிய இடங்களிலேயே இவர்களும் இடறுகிறார்கள். மென்பொருள் எத்தனை பதிப்பு மாறினாலும் டெக்ஸ்சரில், அதாவது ஒரு பரப்பின் தோற்றத்தைத் தரும் படத்தில், நிழல் சேர்க்கும் விஷயத்தில் தவறுகள் மட்டும் மாறவில்லை. லேயருக்குப் பெயர் வைக்காதது, குறைந்த பிக்சலில் வேலையைத் தொடங்குவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் அவற்றை யாரும் திருத்திக்கொள்வார்கள். பட்ட பிறகும் காரணம் புரியாமலே தொடரும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வெயிலையும் சேர்த்து டெக்ஸ்சராக்குவது

நிழல் லேயரைத் தொடுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் படத்தின் மேல் இனி வேறொரு வெளிச்சம் விழப்போகிறதா? அழைப்பிதழின் பின்னணியாகவோ பொட்டலத்தின் மேலுறையாகவோ போகும் படமென்றால் விழாது. நிழலை அதிலேயே தீட்டி முடித்துவிடலாம். முப்பரிமாண மாதிரியின் சுவரில் பதியப்போகும் படமென்றால் விழும். அங்கே பிளெண்டர் போன்ற மென்பொருள் தனக்கென்று ஒரு சூரியனை வைத்துக்கொண்டு நிழலைத் தானே கணக்கிடும். அந்தச் சுவருக்குக் கொடுக்கப்படும் பேஸ் கலர் படத்தில் கல்லின் நிறம் மட்டும் இருக்க வேண்டும். அன்றைக்கு அடித்த வெயில் இருக்கக் கூடாது. இதைச் சொல்லாத பயிற்சி வகுப்பே இல்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் வாரம் தவறாமல் இந்தத் தவறு என் மேசைக்கு வந்துவிடுகிறது, ஒவ்வொரு முறையும் எரிச்சலூட்டுகிறது.

எங்களிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த ஒரு தம்பிக்குத் திருமண மண்டபம் ஒன்றின் முகப்பு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. முகப்பு தெற்குப் பார்த்தது. சுவர் முழுவதும் உடைகல் பதிப்பு. மேலூர்ப் பக்கம் அதே வகைக் கல் பதித்த தெற்குச் சுவர் ஒன்றைத் தை மாதத்து மாலை வெயிலில் படம் பிடித்து வந்தார். அந்த நேரத்தில் சூரியன் தென்மேற்கில் இறங்கியிருக்கும். சுவரை நேராகப் பார்த்து நிற்பவருக்கு வெளிச்சம் இடப்பக்க மேலிருந்து சாய்ந்து வரும். எனவே படத்தில் ஒவ்வொரு கல்லின் வலது ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் அழுத்தமான கரும்பட்டை விழுந்திருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதோடு நிற்காமல் லெவல்ஸில் கருமையை இன்னும் கூட்டி, தனியாக வெட்டிச் சேர்த்த சில கற்களுக்கு ட்ராப் ஷேடோவும் (லேயருக்கு வெளியே விழும் நிழல்) கொடுத்து, எல்லா லேயர்களையும் ஒன்றாக்கி ஜேபெக் ஆகச் சேமித்துவிட்டார்.

மண்டபத்தின் உரிமையாளர் முதலில் கேட்டிருந்தது காலை நேரக் காட்சி. ரெண்டரில், அதாவது மென்பொருள் கணக்கிட்டுத் தந்த காட்சியில், சூரியன் கிழக்கே இருந்தது. தூண்களின் நிழல் மேற்கு நோக்கி விழுந்தது. கற்களின் நிழல் மட்டும் கிழக்கு நோக்கி விழுந்தது. உரிமையாளருக்கு ஏதோ உறுத்தியதே தவிர, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. கூட வந்திருந்த மேஸ்திரி திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, வெயிலு கெழக்க இருந்து வருது, கல்லு நெழலும் கெழக்கயே போகுதே?" என்று கேட்டார். மென்பொருளைத் தொட்டுப் பார்த்திராத ஒருவரின் கண்ணுக்கு அது உடனே பட்டுவிட்டது.

மற்ற சுவர்களைப் பார்த்தபோது நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. மதுரை ஏறத்தாழ 9.9 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது; தை மாதத்தில் சூரியன் நாள் முழுவதும் தெற்குப் பக்கமே சாய்ந்து செல்வதால் வடக்குச் சுவரில் நேர் வெயில் படுவதே இல்லை. எங்கள் வடக்குச் சுவரிலோ மாலை வெயில் பளபளத்தது. தூண்களில் அதே டெக்ஸ்சரைக் கால் வட்டம் இடப்பக்கம் திருப்பிப் பதித்திருந்ததால், கீழே யாரோ டார்ச் அடித்துக்கொண்டு நிற்பதுபோல நிழல்கள் மேல்நோக்கி ஏறியிருந்தன. அடுத்ததாக மாலைக் காட்சியும் இரவு விளக்குக் காட்சியும் கேட்கப்பட்டிருந்தன. இரவு விளக்கில் மாலை வெயிலின் நிழல் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது. லேயர்கள் ஒன்றாக்கப்பட்டுவிட்டதால் நிழலை மட்டும் தனியே கழற்றவும் வழியில்லை. கல், பூச்சு, தரை என்று எல்லா டெக்ஸ்சரையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. அந்த உரிமையாளர் அடுத்த வேலையை எங்களிடம் தரவில்லை.

இந்தத் தவறைச் செய்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். நிழலில்லாத பேஸ் கலர் படம் திரையில் சப்பென்று இருக்கிறது. அதைக் கண்டு பயந்து, உயிர் கொடுப்பதாக எண்ணி நிழல் சேர்க்கிறார்கள். அது சப்பென்றுதான் இருக்க வேண்டும். மேடு பள்ளத்தை நார்மல் மேப்பும் ஹைட் மேப்பும் சொல்லும். இடுக்குகளின் மங்கலை ஆம்பியன்ட் ஆக்லூஷன் படம் சொல்லும். மற்றதை ரெண்டரின் விளக்கு பார்த்துக்கொள்ளும். ஆக்லூஷனையும் மல்டிப்ளை (கீழ்ப் படத்தைக் கருமையாக்கும் கலப்பு முறை) வைத்துப் பேஸ் கலரோடு கலந்துவிடுகிறவர்கள் உண்டு. அதற்குத் திசை இல்லைதானே என்பது அவர்கள் வாதம். ஆனால் ஆக்லூஷன் என்பது நாலாபுறமும் சிதறி வரும் ஒளி ஓர் இடுக்குக்குள் எவ்வளவு குறைகிறது என்பதன் அளவு. நேர் வெயில் அந்த இடுக்குக்குள் நுழையும்போதும் அது கருப்பாகவே கிடந்தால், கல்லில் தார் பூசியதுபோல் ஆகிவிடும். தனிப் படமாகக் கொடுத்தால் மென்பொருள் அதைச் சிதறல் ஒளிக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளும். ஜிஎல்டிஎஃப் 2.0 என்ற முப்பரிமாணக் கோப்பு முறையில் ஆக்லூஷன் சிவப்புச் சேனலிலும், ரஃப்னஸ் (சொரசொரப்பு) பச்சையிலும், மெட்டாலிக் (உலோகத்தன்மை) நீலத்திலும் வாசிக்கப்படுவதால் மூன்றையும் ஒரே படத்தில் அடைக்கலாம். இடம் போதாது என்ற சாக்கும் இல்லை. கையால் தீட்டிய பாணியிலான கைபேசி விளையாட்டுகளுக்கு மட்டும் இந்த விதியைத் தளர்த்தலாம். அங்கே பெரும்பாலும் நேர் விளக்கே இருக்காது.

படத்தில் வெயில் ஒளிந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. டெக்ஸ்சரின் நகலை 180 பாகை திருப்பி அசலின் பக்கத்தில் வையுங்கள். வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்றே நம் கண் எப்போதும் எடுத்துக்கொள்வதால், திசையுள்ள நிழல் இருந்தால் ஒன்றில் மேடாகத் தெரியும் கல் மற்றொன்றில் குழியாகத் தெரியும். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தால் படம் தப்பித்தது. அடுத்து, நிறத்தின் எண்ணைக் காட்டும் ஐட்ராப்பரை எடுத்து மிகக் கருத்த இடங்களைத் தொட்டுப் பாருங்கள். மரக்கரியே தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. 0 முதல் 255 வரையிலான எஸ்ஆர்ஜிபி நிறக் கணக்கில் அது சுமார் 56. சாம்பல் நிறக் கல்லின் படத்தில் 10, 15 என்று எண்கள் வந்தால் அது கல்லின் நிறமே அல்ல, நிழல்.

தவிர்க்கும் வழி படம் எடுக்கும்போதே தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழைக்கு வானம் மூடியிருக்கும் நாள்கள் இந்த வேலைக்குப் பொன்னானவை. மற்ற மாதங்களில் சுவரில் வெயில் ஏறும் முன்பே, விடிந்த கையோடு எடுத்துவிட வேண்டும்; மெருகேற்றிய கல்லென்றால் லென்ஸில் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் இல்லாமல் போகாதீர்கள். பிறகும் ஒரு பக்கம் வெளுத்தும் ஒரு பக்கம் கருத்தும் தெரிந்தால், லேயரை நகலெடுத்து, நிறம் நீக்கி, பெரிய ஆரத்தில் காஸியன் பிளர் கொடுத்து, இன்வர்ட் செய்து, ஓவர்லேயில் ஒபாசிட்டியைக் குறைத்து வைத்தால் அந்தப் பரந்த வேறுபாடு சமன்படும். ஆனால் கல்லோரத்து வெட்டு நிழலை இந்த முறை அழிக்காது. அவற்றை ஹீலிங் பிரஷ்ஷும் குளோன் ஸ்டாம்பும் கொண்டு ஒவ்வொன்றாகத்தான் துடைக்க வேண்டும். பலசமயம் மறுபடி போய்ப் படம் எடுத்து வருவது விரைவாக முடியும்.

இனி வருபவை, மேற்கண்ட கேள்விக்கு "வேறு வெளிச்சம் விழாது" என்று பதில் வந்த பிறகு, அதாவது நிழலைப் படத்திலேயே தீட்டலாம் என்று ஆன பிறகு நடப்பவை.

நிழல் முழுவதற்கும் ஒரே பிளர்

சூரியன் ஒரு புள்ளியல்ல; வானில் ஏறத்தாழ அரைப் பாகை அகலமுள்ள வட்டம். ஆகவே நிழலின் ஓரம், பொருளுக்கும் நிழல் விழும் பரப்புக்கும் உள்ள தொலைவில் சுமார் 110இல் ஒரு பங்கு அளவுக்கு மங்கும். ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் கொடிக்கம்பியின் நிழலோரம் சுமார் 9 மில்லிமீட்டர் மங்கும். ஒரு சென்டிமீட்டர் துருத்திய கல்லின் நிழலோரமோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட மங்காது. இரண்டு மீட்டர் சுவரை 2048 பிக்சலில் அடக்கினால் ஒரு பிக்சல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அப்படியானால் கல்லிடுக்கின் வெயில் நிழலுக்குப் பிளரே தேவையில்லை. கம்பியின் நிழலுக்கு ஒன்பது பிக்சல் வேண்டும். புதியவர்கள் இரண்டுக்கும் பதினைந்து பிக்சல் கொடுக்கிறார்கள். பொருள் சுவரைத் தொடும் இடத்தில் கூர்மையாகவும், விலக விலக மங்கலாகவும் இருக்க வேண்டிய நீண்ட நிழலுக்கு ஃபோட்டோஷாப்பின் ஃபீல்ட் பிளரில் இரண்டு முனைகளிலும் வெவ்வேறு அளவு கொடுத்தால் வேலை முடிந்தது.

சுத்தக் கருப்பு

மல்டிப்ளையில் கருப்பை 40 சதவீத ஒபாசிட்டியில் வைத்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே விகிதத்தில் குறையும். திறந்தவெளி நிழலில் அப்படி நடப்பதில்லை. அங்கே வெயில் மறைந்தாலும் வானத்தின் ஒளி விழுகிறது, அது நீலம் கலந்தது. 1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலின் முற்றத்தில் நின்று, வெண்சுதைத் தூண்களின் நிழல் பக்கத்தைப் படம் எடுத்து வந்து, ஐட்ராப்பரால் தொட்டுப் பாருங்கள். வானம் பார்த்த பகுதியில் ஒரு நிறமும், வெயில் படும் தரை பார்த்த வளைவின் அடிப்பகுதியில் அதைவிட வெதுவெதுப்பான வேறொரு நிறமும் இருக்கும். நிழல் லேயருக்கு அங்கிருந்தே நிறம் எடுக்கலாம்.

குளோபல் லைட்

ட்ராப் ஷேடோ போன்ற லேயர் ஸ்டைல்களில் 'யூஸ் குளோபல் லைட்' என்ற டிக் உண்டு. அதைப் போட்ட ஒரு லேயரில் நிழலின் கோணத்தை மாற்றினால், அந்த டிக் போட்ட எல்லா லேயரிலும் மாறும். தெரிந்து வையுங்கள்.

செதுக்கிய எழுத்துக்கு வெளிநிழல்

கோயில் திருப்பணி அழைப்பிதழ்களில் இதைப் பார்க்காத மாதமில்லை. கல்வெட்டு போலத் தெரிய வேண்டும் என்று கல் டெக்ஸ்சரின் மேல் எழுத்தை வைத்து ட்ராப் ஷேடோ கொடுப்பார்கள். எழுத்து கல்லின் மேல் ஒட்டிய அட்டைபோல மிதக்கும். கீழக்குயில்குடி சமணர் மலைக்கு ஒரு காலை வேளையில் ஏறி அங்குள்ள வட்டெழுத்துகளை உற்றுப் பார்த்தால் விஷயம் விளங்கும். வெளிச்சம் மேலிருந்து வந்தால், செதுக்கிய பள்ளத்தின் மேல் விளிம்பு பள்ளத்துக்குள்ளேயே நிழல் போடும்; கீழ் விளிம்பு வெளிச்சம் வாங்கும். அதற்கு இன்னர் ஷேடோவும், டைரக்ஷனை டவுன் என்று மாற்றிய பெவல் அண்ட் எம்பாஸும் வேண்டும். எழுத்துக்குத் தனி நிறமும் கூடாது. அது அதே கல். ஃபில் ஒபாசிட்டியைப் பூஜ்யத்துக்கு இறக்கினால் கல்லே எழுத்துக்குள் தெரியும்.

மேடு குழியாகத் தெரிந்தால்

இது மட்டும் முப்பரிமாண வேலைக்கு. நார்மல் மேப்பின் பச்சைச் சேனலைத் தலைகீழாக்கிப் பாருங்கள். பிளெண்டர், யூனிட்டி ஆகியவை ஓப்பன்ஜிஎல் முறை. அன்ரியல் டைரக்ட்எக்ஸ் முறை. இரண்டிலும் அந்தச் சேனல் எதிரெதிர்.

உச்சி வெயிலுக்கு நீண்ட நிழல்

மதுரையைக் காட்டும் படத்துக்கு மதுரையின் சூரியன்தான் வேண்டும். வெளிநாட்டுப் பயிற்சிக் காணொளிகளைப் பார்த்துப் பழகியவர்கள் நண்பகல் காட்சிக்கும் பொருளின் உயரத்துக்குச் சமமான நிழல் போட்டுவிடுகிறார்கள். இங்கே டிசம்பர் கடைசியில்கூட நண்பகல் சூரியன் சுமார் 57 பாகை உயரத்தில் நிற்கும். நிழல் பொருளின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான், வடக்கு நோக்கி. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சிக்கு வருகிறது. இடையில் உள்ள மாதங்களில் அது உச்சிக்கு வடக்கே நிற்பதால் நண்பகல் நிழல் தெற்கே விழும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தைப் பகல் பன்னிரண்டு மணிக்குக் காட்டும் சுவர்ப்படத்தில் ஆளுயர நிழல்களைப் பார்த்தால் எனக்கு மேற்கொண்டு எதையும் பார்க்கத் தோன்றுவதில்லை.

அளவை மாற்றிவிட்டு நிழலை மறப்பது

ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்மில் லேயரைப் பெரிதாக்கினால் அதன் லேயர் ஸ்டைல் கூடவே பெரிதாகாது. ஸ்கேல் எஃபெக்ட்ஸ் மூலம் தனியாகப் பெரிதாக்க வேண்டும். இமேஜ் சைஸில் ஸ்கேல் ஸ்டைல்ஸ் இயங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். லேயரைத் திருப்பினாலும் நிழலின் கோணம் திரும்பாது. பத்தடி ஃபிளெக்ஸில் எழுத்தின் நிழல் நூல்போல ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம்.

ஓரத்தில் அறுந்துபோகும் நிழல்

ஆத்தங்குடித் தரைக்கல் போலத் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் டெக்ஸ்சரில், வலது ஓரத்தைத் தாண்டும் நிழல் இடது ஓரத்தில் தொடர வேண்டும். லேயர் ஸ்டைலுக்கும் காஸியன் பிளருக்கும் அது தெரியாது. கேன்வாஸ் முடிந்த இடத்தில் நிழல் அறுந்துவிடும், அடுக்கிப் பார்த்தால் தரை முழுவதும் கட்டம் கட்டமாகக் கோடு தெரியும். ஆஃப்செட் ஃபில்டரில் ராப் அரவுண்ட் வைத்து நகர்த்தினால் அந்தக் கோடு நடுவுக்கு வந்து காட்டிக்கொடுக்கும். கிரிட்டாவின் ராப் அரவுண்ட் முறையில் தொடக்கத்திலிருந்தே அடுக்கிய தோற்றத்தைப் பார்த்தபடி தீட்டலாம். ஃபோட்டோஷாப்பில் நான் செய்வது, நிழல் போடாத டைலை மூன்றுக்கு மூன்றாக ஒன்பது முறை அடுக்கி, நிழலையும் பிளரையும் அந்தப் பெரிய கேன்வாஸில் கொடுத்து, நடுவில் இருக்கும் ஒன்றை மட்டும் பிக்சல் பிசகாமல் வெட்டி எடுப்பது. வெட்டுவதற்கு முன் கைடு கோடுகளில் ஸ்னாப் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிக்சல் தவறினாலும் கோடு திரும்ப வந்துவிடும்.