பழைய காமிக்ஸா? முதலில் பின்னைப் பாருங்கள்
சின்ன வயதில் முடிவெட்டப் போன கடையில்தான் முதன்முதலாக இரும்புக்கை மாயாவி என்ற காமிக்ஸ் நாயகனைப் பார்த்தேன். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, கை மட்டும் அந்தரத்தில் தெரியும் படம். கண்ணை எடுக்கவே முடியவில்லை. 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவர் கதையோடுதான். அன்று பிடித்த ஆசை, இன்றும் காமிக்ஸ் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, உங்கள் பரணிலும் அப்படி ஒரு கட்டு இருந்தால் நடுப்பக்கத்தைத் திறந்து, தாள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கம்பிப் பின்னைப் பாருங்கள். துருப்பிடித்திருந்தால் சுற்றியுள்ள தாள் பழுப்பாகி இற்றுப்போகும், அட்டை கழன்றுவிடும். பின்னை வெளிப்பக்கமாக இழுக்காதீர்கள். உள்ளே மடிந்திருக்கும் கால்களை மழுங்கிய கத்தியால் மெதுவாக நிமிர்த்திவிட்டு எடுங்கள். அதே ஓட்டைகளில் வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து, தளர்வாக ஒரு முடிச்சு. அவ்வளவுதான்.

கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டவே வேண்டாம். எனக்குப் பிரியமான இதழ் ஒன்றில் சிறுவயதில் ஒட்டினேன். பசை தாளில் ஊறி, வசனத்தின் மேல் மஞ்சள் பட்டையாக நிற்கிறது. இன்றும் பார்த்தால் மனசு வலிக்கிறது.

அப்புறம், சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், மழைக்காலத்தில் ஓதம் ஏறும். அவ்வப்போது நிழலில் காற்றாட விரித்துவையுங்கள். வெயில் பட்டால் அந்த மலிவுத் தாள் சீக்கிரமே பழுத்து நொறுங்கும்.