மெகர் போடும் முன் எஸ்.பி.டி.யைக் கழற்றுங்கள்

பிரிட்டனில் இப்போது வீடுகளில் மாட்டும் கன்ஸ்யூமர் யூனிட்டுகளில் (பிரேக்கர் பெட்டிகளில்) பழைய பழக்கப்படி மெகர், அதாவது வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி, போட்டால் அளவு ஏமாற்றும். ஒரு வீட்டில் எனக்கு வெறும் 0.2 மெகா ஓம்தான் காட்டியது. வயர் எங்கோ நசுங்கியிருக்கிறது என்று சாக்கெட் சாக்கெட்டாகத் திறந்து பார்த்து அரைநாள் போனது. கடைசியில் பார்த்தால் குற்றவாளி பெட்டிக்குள்ளேயே! மின்னழுத்தம் எகிறினால் அதை எர்த்துக்குத் தள்ளிவிடும் எஸ்.பி.டி.தான் அது. மெகரின் 500 வோல்ட்டையும் அது அப்படித்தான் எடுத்துக்கொண்டது.

அதனால் மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரில் உறுதிசெய்த பிறகு, எஸ்.பி.டி.யின் கார்ட்ரிட்ஜை உருவி வையுங்கள். உருவ வராத மாடலென்றால் இணைப்பைக் கழற்றுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் பிரிட்டனின் வயரிங் விதிகளான பி.எஸ். 7671-ன்படி 250 வோல்ட்டில் சோதிக்கலாம். அப்போதும் குறைந்தது 1 மெகா ஓம் வரவேண்டும். புது வயரிங்கில் 1 வந்தால் நான் திருப்திப்பட மாட்டேன், நூற்றுக்கணக்கில் வரவேண்டும்.

ஆர்.சி.பி.ஓ.வை (மின்கசிவுக்கும் ஓவர்லோடுக்கும் டிரிப் ஆகும் பிரேக்கரை) அணைத்தாலே போதும் என்று நினைக்காதீர்கள். பல மாடல்களில் நியூட்ரல் துண்டிக்கப்படாது; உள்ளே எலெக்ட்ரானிக்ஸும் உண்டு. அந்த சர்க்யூட்டின் பிரவுன் (ஃபேஸ்), நீல (நியூட்ரல்) வயர்களை வெளியே எடுத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து எர்த்துக்கு எதிராக அளந்தால் டிம்மர், யு.எஸ்.பி. சாக்கெட் எல்லாம் தப்பிக்கும்.

முடிந்ததும் அந்தக் கார்ட்ரிட்ஜ் சட்டைப்பையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இருந்திருக்கிறது.